வாரண்டி முடிய 19 நாள்தான் இருக்கிறது, எக்ஸ்டெண்டட் வாரண்டிக்கு 38,500 கட்டலாமா?

காந்திபுரம்_டர்போ
வணக்கம். விஷயம் தலைப்பிலேயே இருக்கிறது. ஊர் கோயம்புத்தூர். டர்போ பெட்ரோல், 7 கியர் டிசிடி (இரட்டை கிளட்ச்) ஆட்டோமேட்டிக், டிரை கிளட்ச் வகை. 46,800 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கம்பெனி வாரண்டி 3 வருடம், இன்னும் 19 நாளில் தீர்கிறது. எந்தக் கம்பெனி என்று வேண்டுமென்றே எழுதவில்லை, எழுதினால் இங்கே பிராண்ட் சண்டை மட்டும்தான் நடக்கும்.

ஷோரூமிலிருந்து ஒரு பெண் இரண்டு நாளைக்கு ஒரு தடவை கூப்பிடுகிறார். நாலாவது, ஐந்தாவது வருடம் இரண்டுக்கும் சேர்த்து ஜிஎஸ்டியோடு 38,500. நாலாவது வருடம் மட்டும் என்றால் 21,900. "தேதி தாண்டினால் நீங்களே கேட்டாலும் சிஸ்டம் எடுக்காது சார்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறார். வண்டி எடுத்த அன்றைக்கு இதே இரண்டு வருடத்தை 26,000க்குத் தருகிறோம் என்றார்கள், ஆன்ரோடு விலையைப் பார்த்து ஏற்கெனவே தலை சுற்றிக்கொண்டிருந்ததால் வேண்டாம் என்றுவிட்டேன்.

ஓட்டம் என்னவென்றால், வாரத்தில் ஐந்து நாள் காந்திபுரம் - சரவணம்பட்டி, சத்தி ரோட்டில் ஊர்ந்து ஊர்ந்து. மாதம் ஒரு தடவை மாமனார் ஊரான மதுரை. இதுவரை செலவு என்று ஒன்றும் வைக்கவில்லை. போன கோடையில் ஒரே ஒரு தடவை கணபதி சிக்னலில் கியர்பாக்ஸ் சூடு என்று டிஸ்ப்ளேயில் எச்சரிக்கை வந்தது, ஓரம் கட்டி பத்து நிமிடம் நிறுத்தினேன், போய்விட்டது, அதற்கப்புறம் வரவில்லை.

மாமனார் "போட்டுருங்க மாப்ள, நிம்மதியா இருக்கலாம்" என்கிறார். மனைவி "மூணு வருஷம் ஒண்ணும் ஆகாத வண்டிக்கு எதுக்கு" என்கிறாள். இருவருக்கும் நடுவில் நான். வண்டியை 7, 8 வருடம் வைத்திருக்கும் எண்ணம்.

சிங்கை_ரோடு
டிசிடி என்று எழுதிவிட்டு கேள்வி வேறயா. போடுங்கள்.

கணக்குப்புலி
நான் வேண்டாம் என்பேன், ஏன் என்றும் சொல்கிறேன்.

பயத்தை ஓரமாக வைத்துவிட்டு 38,500ஐ மட்டும் பாருங்கள். உங்கள் வண்டியில் ஆகக்கூடிய பெரிய செலவு கியர்பாக்ஸ், அதற்கு இரண்டரை லட்சம் ஆகும் என்றே வைத்துக்கொள்வோம். 38,500ஐ இரண்டரை லட்சத்தால் வகுத்தால் 15 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். அதாவது உங்களைப் போல ஏழு பேர் இந்த வாரண்டியை வாங்கினால் அதில் ஒருவர் வண்டியிலாவது நாலாம், ஐந்தாம் வருடத்துக்குள் கியர்பாக்ஸ் மொத்தமாகப் போயிருந்தால்தான் போட்ட காசு சமன். ஏழில் ஒரு வண்டி அப்படிப் போகிறது என்றால் அந்த மாடலை யாருமே வாங்கியிருக்க மாட்டார்கள். விற்பவன் நஷ்டத்துக்கு விற்பதில்லை, கம்பெனிக்கு ஒரு பங்கு, ஷோரூமுக்கு ஒரு பங்கு, அந்தப் பெண்ணுக்கு மாச டார்கெட், இதெல்லாம் போகத்தான் ரிப்பேருக்கு.

அதே பணத்தை பேங்கில் 7 சதவீதத்துக்குப் போட்டால் இரண்டு வருடத்தில் 44,000. ஒன்றும் ஆகவில்லை என்றால் அந்த 44,000 உங்களுடையது. ஏதாவது ஆனால் அதிலிருந்து எடுத்துச் செலவு செய்யுங்கள். என்னிடம் ஒன்பது வருட வேகன்ஆர் இருக்கிறது, மேனுவல். வாரண்டி முடிந்தபின் மொத்தச் செலவு ஒரு கிளட்ச், இரண்டு பேட்டரி, கொஞ்சம் சஸ்பென்ஷன் புஷ்.

சிங்கை_ரோடு
மேனுவல் வேகன்ஆரை வைத்து டிசிடிக்கு ஜாதகம் எழுதுகிறார் ஐயா.

காந்திபுரம்_டர்போ
@கணக்குப்புலி கணக்கு புரிகிறது சார். ஆனால் அந்த ஏழில் ஒருவன் நானாக இருந்தால் என்னிடம் 44,000 இருக்கும், பில் இரண்டரை லட்சம் இருக்கும். ஈஎம்ஐ இன்னும் 22 மாதம் ஓடுகிறது. எனக்கு சராசரி முக்கியமில்லை, மொத்தமாக ஒரு அடி விழுந்தால் தாங்குவேனா என்பதுதான் முக்கியம்.

முன்னாள்_அட்வைசர்
பதினோரு வருடம் சர்வீஸ் அட்வைசராக இருந்தவன், இப்போது வேறு வேலை, அதனால் மனதில் இருப்பதை எழுதலாம். கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் கணக்குப்புலி சாரின் கணக்கில் ஒரு ஓட்டை. அவர் கியர்பாக்ஸை மட்டும் எடுத்துக்கொண்டார். என் மேஜைக்கு நாலு, ஐந்து வருட வண்டிகள் வந்தபோது முழு கியர்பாக்ஸ் போனது அபூர்வம், எஞ்சின் போனது அதைவிட அபூர்வம். வந்ததெல்லாம் நடுத்தர பில்கள்தான். ஏசி கம்ப்ரசர், ஆல்டர்னேட்டர், டச் ஸ்கிரீன் கறுப்பாகிப் போவது, பவர் ஸ்டீயரிங் மோட்டார், டர்போவின் ஆக்சுவேட்டர், ஏதாவது ஒரு சென்சார், டீசலாக இருந்தால் இன்ஜெக்டர். ஒவ்வொன்றும் பதினைந்தாயிரத்திலிருந்து அறுபது, எழுபதாயிரம் வரை. மேனுவல் வேகன்ஆரில் இதில் பாதி பொருளே கிடையாது. உங்கள் வண்டியில் எல்லாமே இருக்கிறது. வாரண்டி வேண்டுமா என்பதை பிராண்டை வைத்து முடிவு செய்வதைவிட, வண்டியில் எத்தனை மோட்டார், எத்தனை ஸ்கிரீன், எத்தனை கம்ப்யூட்டர் என்று எண்ணி முடிவு செய்வது நல்லது.

அடுத்து டிசிடி. இதில் ஆள் மிதிக்க வேண்டிய கிளட்ச் இல்லை என்பதுதான் வித்தியாசம், உள்ளே கிளட்ச் இரண்டு இருக்கிறது. சத்தி ரோட்டில் முன்வண்டிக்குப் பின்னாலேயே அரை அடி, ஒரு அடி என்று நகரும்போது அந்தக் கிளட்ச் பாதி பிடித்தும் பிடிக்காமலும் உரசிக்கொண்டே இருக்கும், அதில்தான் சூடு. டிரை கிளட்ச் என்றால் குளிர்விக்க எண்ணெயும் இல்லை. முன்னால் ஒரு வண்டி அளவுக்கு இடம் விட்டு, அப்புறம் ஒரேயடியாக நகருங்கள். மேட்டில் ஆக்சிலரேட்டரை மிதித்து வண்டியைப் பிடித்து நிறுத்தாதீர்கள், பிரேக்கை மிதியுங்கள். பின்னாலிருப்பவன் ஹாரன் அடிப்பான், அடிக்கட்டும்.

இங்கேதான் வாரண்டியில் சண்டை வரும். கிளட்ச் தட்டு தேய்மானப் பொருள், அதற்கு வாரண்டி இல்லை என்பார்கள். அதை இயக்கும் மெக்கட்ரானிக் யூனிட் தேய்மானப் பொருள் இல்லை, அதற்குப் பொதுவாக உண்டு. இரண்டில் எது கெட்டது என்று முடிவு செய்வது கம்பெனி எஞ்சினியர். ஆகவே பணம் கட்டுவதற்கு முன்னால் அந்தப் பெண்ணிடம் போனில் கேட்காதீர்கள். வாரண்டி புத்தகத்தை பிடிஎஃப்பாக அனுப்பச் சொல்லி, "சேராதவை" என்ற பக்கத்தை மட்டும் படியுங்கள். சேர்ந்தவை பக்கம் எல்லா கம்பெனியிலும் அழகாகத்தான் இருக்கும். சில திட்டங்களில் டச் ஸ்கிரீன் நாலாவது வருடத்தில் கழன்றுவிடும், சிலவற்றில் சஸ்பென்ஷன் முழுக்க வெளியே.

கிளெய்ம் எப்படி நடக்கிறது என்றும் சொல்கிறேன். நீங்கள் குறை சொல்வீர்கள், நாங்கள் ஜாப் கார்டில் எழுதுவோம். டெக்னீஷியன் ஸ்கேன் செய்து ஃபால்ட் கோடு எடுப்பார், போட்டோ, வீடியோ எடுப்பார். சின்னப் பொருள் என்றால் அங்கேயே மாற்றிவிடுவோம். கியர்பாக்ஸ், டர்போ மாதிரி பெரியது என்றால் கம்பெனியிலிருந்து ஒப்புதல் வரவேண்டும், அங்கே உட்கார்ந்திருப்பவர் முதலில் திறப்பது உங்கள் சர்வீஸ் ஹிஸ்டரியை. பத்தாயிரத்துக்கு ஒரு தடவை அல்லது வருடத்துக்கு ஒரு தடவை, எது முன்னால் வருகிறதோ அது, என்று இருந்தால் அதில் ஒன்று விட்டுப்போயிருந்தாலே கேள்வி ஆரம்பம்.

கடைசியாக ஒன்று, இதற்குக் காசே வேண்டாம். அந்த சூடு எச்சரிக்கையை நீங்கள் சர்வீஸில் சொன்னீர்களா? சொல்லவில்லை என்றுதான் தோன்றுகிறது. இந்த 19 நாளுக்குள் வண்டியைக் கொண்டுபோய் அதை ஜாப் கார்டில் உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். ஏசி கூலிங், ஸ்டீயரிங் திருப்பும்போது சத்தம், எங்கேயாவது எண்ணெய்க் கசிவு, கதவு ரப்பர் வரைக்கும் மனதில் இருப்பதையெல்லாம் எழுத வையுங்கள். "சோதித்ததில் குறை தென்படவில்லை" என்று எழுதினாலும் பரவாயில்லை, நகல் வாங்கிக்கொள்ளுங்கள். வாரண்டிக்குள் சொன்ன குறை என்ற ஆதாரம் ஆறு மாதம் கழித்து உதவும்.

காந்திபுரம்_டர்போ
அண்ணா, கோடி நன்றி. சூடு எச்சரிக்கையைச் சொல்லவே இல்லை, போய்விட்டதே என்று விட்டுவிட்டேன். நாளைக்கே அப்பாயின்ட்மென்ட் போடுகிறேன். ஒரு சந்தேகம், அந்தப் பெண் இதை "பம்பர் டு பம்பர் சார், ஒரு ஸ்க்ரூ போனாலும் ஃப்ரீ" என்றார். அப்படியென்றால்?

ரேவதி_தஞ்சை
அப்படியென்றால் ஒன்றுமில்லை தம்பி. பம்பர் டு பம்பர் என்று ஊரில் சொல்வது இன்சூரன்ஸில் வரும் ஸீரோ டெப். வண்டி இடித்தால் பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் தருவது. வாரண்டி என்பது தானாகக் கெட்டுப்போனதற்கு. இரண்டையும் குழப்பி விற்பது இவர்கள் வழக்கம், எனக்கும் அப்படித்தான் விற்றார்கள்.

என் கதை: வாரண்டி இருக்கும்போதே எலி வயரிங்கைக் கடித்துவிட்டது. வீட்டுக்குப் பின்னால் வயல், மழைக்காலத்தில் பானட்டுக்குள் குடித்தனமே நடத்தும். பார்த்தவுடன் "இது வெளிக்காரணம் மேடம், வாரண்டியில் வராது" என்றார்கள், அது சரிதான், புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது. அப்புறம் இன்சூரன்ஸில் போட்டு, கட்டாயக் கழிவு 1,000 போக மீதி வந்தது (1500 சிசிக்குள் உள்ள வண்டிக்கு 1,000, அதற்கு மேல் 2,000). வாரண்டி முடிந்து ஏழாவது மாதம் ஏசி கம்ப்ரசர் போனது. நீட்டிப்பு வாங்கவில்லை. 41,000. தஞ்சாவூரில் மே மாதம், வீட்டில் கைக்குழந்தை, பேரம் பேசவா முடியும். இப்போது வாங்கியிருக்கும் வண்டிக்கு டெலிவரி அன்றைக்கே நீட்டிப்பு போட்டுவிட்டேன். கணக்கு பார்த்தெல்லாம் போடவில்லை, சூடு கண்ட பூனை.

வேளச்சேரி_படகு
எலிக்கு இல்லை என்றால் வெள்ளத்துக்கும் இல்லை, அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் எத்தனையோ வண்டி கண்ணாடி வரை தண்ணீரில். பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர் வடிந்ததும் ஆசையாக ஸ்டார்ட் போட்டார், எஞ்சினுக்குள் தண்ணீர் போய் கனெக்டிங் ராட் வளைந்துவிட்டது. எக்ஸ்டெண்டட் வாரண்டி பேப்பரைக் காட்டினார், ஒரு ரூபாய் தேறவில்லை. அதற்கு வேண்டியது இன்சூரன்ஸில் எஞ்சின் ப்ரொடெக்ட் என்ற ஆட்-ஆன், அதையும் வாங்கியவர்கள் ஸ்டார்ட் போடாமல் டோ வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். கோயம்புத்தூர்க்காரருக்கு இது தேவையா தெரியவில்லை, சென்னைக்காரன் என்றால் வாரண்டிக்கு முன்னால் இதைப் போடு.

கணக்குப்புலி
ரேவதி மேடம் கதையையே எடுத்துக்கொள்வோம். 41,000 செலவு, நீட்டிப்புக்கு 30, 40 ஆயிரம் ஆகியிருக்கும். கிட்டத்தட்ட சமம். கெட்டுப்போயும் சமம்தான் என்றால் கெட்டுப்போகாதவர்களுக்கு எல்லாம் நஷ்டம்தானே.

இன்னொரு செலவை யாரும் சொல்லவில்லை. வாரண்டி இருக்கும்வரை கம்பெனி சர்வீஸ் சென்டரில்தான் விட்டாக வேண்டும். அங்கே சாதாரண சர்வீஸுக்கே 9,000, 10,000 வாங்குகிறார்கள், அதிலும் ஏசி வென்ட் கிளீனிங், த்ராட்டில் பாடி கிளீனிங், அண்டர்பாடி கோட்டிங் என்று கேட்காததையெல்லாம் பில்லில் ஏற்றுவார்கள். என் தெரு மெக்கானிக் அதே ஆயில், அதே ஃபில்டர் போட்டு 4,500. இரண்டு வருடத்தில் மூன்று சர்வீஸ் என்றால் சுமார் 15,000 வித்தியாசம். அதையும் 38,500 உடன் கூட்டுங்கள், அப்போது தெரியும்.

முன்னாள்_அட்வைசர்
இது நியாயமான வாதம், ஒப்புக்கொள்கிறேன். கேட்காத கிளீனிங்கை "வேண்டாம்" என்று ஜாப் கார்டிலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், அதைச் செய்யாததால் வாரண்டி போகாது. சர்வீஸ் அட்டவணையில் இருப்பதை மட்டும் செய்தால் போதும். நாங்கள் எப்படி விற்றோம் என்று எனக்குத் தெரியும் சார், எனக்கும் டார்கெட் இருந்தது.

நெல்லை_வக்கீல்_அல்ல
வெளியில் சர்வீஸ் விட்டால் வாரண்டியே செல்லாது என்று ஒட்டுமொத்தமாகச் சொல்லக்கூடாது என்று இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டிலேயே உத்தரவு போட்டிருக்கிறது. 14 கார் கம்பெனிகளுக்கு 2,500 கோடிக்கு மேல் அபராதம் போட்ட அதே வழக்கு. உதிரிபாகத்தை வெளி மெக்கானிக்குகளுக்குக் கொடுக்காமல் அடைத்து வைத்தார்கள் என்பதுதான் முக்கியக் குற்றச்சாட்டு. வெளி ஆள் செய்த தப்பான வேலையால் கெட்டால் அந்தக் கெடுதலுக்கு மட்டும் மறுக்கலாம் என்பது அதன் சாரம்.

முன்னாள்_அட்வைசர்
உத்தரவு சரி. கம்பெனிகள் மேல்முறையீடு, ஹைகோர்ட் என்று போனதும் உங்களுக்குத் தெரியும். நடைமுறையில் கவுண்டரில் நிற்பவனிடம் 2014 உத்தரவைக் காட்டினால் அவன் "மேனேஜரைப் பாருங்கள் சார்" என்பான். கியர்பாக்ஸ் திறந்து கிடக்கும்போது அந்தச் சண்டையைப் போட எல்லாராலும் முடியாது. அப்புறம் இது காசு கொடுத்து வாங்கும் நீட்டிப்பு, அதன் நிபந்தனையில் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்குகிறோம்.

சேலம்_ஸ்டீல்
சண்டை போட்டவன் ஒருவன் இங்கே இருக்கிறேன். நீட்டிப்பு வாரண்டி இருந்தும் ஸ்டீயரிங் மோட்டாரை மறுத்தார்கள், வெளியில் கேமரா மாட்டியதால் வயரிங் கெட்டது என்று காரணம். கேமரா பின்னால், மோட்டார் முன்னால். கம்பெனி, டீலர் பெயர் வேண்டாம்.

நான் செய்தது: வாயால் சொன்னதை ஏற்காமல் மறுப்பை மெயிலில் கேட்டேன். தர மறுத்தார்கள். நானே ஒரு மெயில் போட்டேன், "இன்ன தேதியில் இன்ன காரணம் சொல்லி மறுத்தீர்கள், தவறென்றால் ஏழு நாளில் தெரிவியுங்கள்" என்று. பதிலில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் செய்து பதிவு செய்தேன், அதிலும் நகரவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போட்டேன். நாம் கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்டத்திலேயே போடலாம், 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, பிரச்சினை வந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நோட்டீஸ் போனதும் டீலரே கூப்பிட்டு "பேசிக்கலாம் சார்" என்று மாற்றிக் கொடுத்தார். ஐந்து மாதம் ஆனது, அதுவரை என் மனைவி பஸ்ஸில் போனாள். இதை வெற்றி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதில் தெரிந்துகொண்டது, வெளியில் எதை மாட்டினாலும் வயரை வெட்டி ஒட்டக் கூடாது. கப்ளர் வைத்து மாட்டும் பொருளாக வாங்குங்கள். சீட் கவர், மேட் எதுவும் செய்யாது. ஹெட்லைட், ஹாரன், ஆம்ப்ளிஃபயர், வெளியில் போடும் சிஎன்ஜி கிட் எல்லாம் வம்பு.

மறைமலைநகர்_மைந்தன்
யாரும் கேட்காத கேள்வி, கம்பெனியே கடையைக் கட்டினால்? எங்கள் ஊர் ஃபோர்டு ஆலை 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது எங்கள் வீட்டு எக்கோஸ்போர்ட்டுக்கு நீட்டிப்பு வாங்கி நாலு மாதம்தான். வயிற்றில் புளி. ஆனால் சர்வீஸ், உதிரிபாகம், வாரண்டி தொடரும் என்றார்கள், தொடர்ந்தது, 2022இல் ஒரு சென்சார் காசில்லாமல் மாற்றித் தந்தார்கள். ஷெவர்லே 2017 முடிவில் போனபோதும் சர்வீஸ் உடனே நிற்கவில்லை. ஆனால் சென்டர்களின் எண்ணிக்கை சுருங்கும், ஒரு கண்ணாடிக்கு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும்.

இதனால் சொல்கிறேன், பேப்பரில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். கார் கம்பெனி தரும் நீட்டிப்பு ஒன்று, டீலரே வேறொரு கம்பெனியோடு சேர்ந்து விற்பது இன்னொன்று. இரண்டாவது வகையில் அந்த டீலரிடம் மட்டும்தான் செல்லும் என்றுகூட இருக்கும், மதுரையில் வண்டி நின்றால் கோயம்புத்தூருக்கு டோ செய்யவா முடியும்.

பாலக்காடு_பைபாஸ்
இதுவே புது வண்டி வாங்குபவர்களுக்கு, நீட்டிப்பு பேசுவதற்கு முன்னால் அடிப்படை வாரண்டி எவ்வளவு என்று பாருங்கள். மாருதி 2 வருடம், 40,000 கிலோமீட்டர் என்று இருந்ததை 2024 ஜூலையில் 3 வருடம், 1 லட்சம் என்று மாற்றியது, நீட்டித்தால் 6 வருடம் வரை போகலாம். ஹோண்டாவில் அதே 2024இலிருந்து 7 வருடம் வரை, கிலோமீட்டர் வரம்பில்லாமல் நீட்டிக்கலாம். அப்புறம் ஹைப்ரிட், எலக்ட்ரிக் எடுப்பவர்கள் பேட்டரி பயத்தில் நீட்டிப்பு வாங்க வேண்டாம். டொயோட்டா ஹைப்ரிட் பேட்டரிக்குத் தனியாக 8 வருடம், 1.6 லட்சம் கிலோமீட்டர். நெக்ஸான் இவி வந்தபோதே பேட்டரிக்கும் மோட்டாருக்கும் அதே 8 வருடம், 1.6 லட்சம்.

கிலோமீட்டரையும் பாருங்கள். வருடத்துக்கு 35,000 ஓட்டுபவனுக்கு "5 வருடம் அல்லது 1 லட்சம்" என்றால் அது மூன்று வருட வாரண்டிதான்.

கும்பகோணம்_டிகிரி
விற்கும்போது மாற்றிக் கொடுக்கலாமா?

பாலக்காடு_பைபாஸ்
கம்பெனி நீட்டிப்பு பெரும்பாலும் வண்டியோடு போகும், ஆர்சி மாறிய பின் சர்வீஸ் சென்டரில் பெயர் மாற்ற வேண்டும். நான் போன வருடம் விற்றபோது 14 மாத வாரண்டி பாக்கி இருந்தது, வாங்கியவர் அதைப் பார்த்துத்தான் பேரத்தை நிறுத்தினார். கட்டியது முழுக்கத் திரும்பி வராது, கொஞ்சம் வரும். மஞ்சள் போர்டுக்கு மாற்றினால் நிபந்தனையே வேறு, அதை முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள்.

காந்திபுரம்_டர்போ
எட்டு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

சர்வீஸில் விட்டேன். அட்வைசர் அண்ணா சொன்ன மாதிரி சூடு எச்சரிக்கையை ஜாப் கார்டில் எழுதச் சொன்னேன். "ஒரு தடவை வந்ததுக்கெல்லாம் எழுத வேண்டாம் சார்" என்றார் அந்தத் தம்பி. எழுதினால்தான் வண்டியை விடுவேன் என்றேன். ஸ்கேன் செய்தால் பழைய ஃபால்ட் கோடு உள்ளேயே பதிவாகி இருக்கிறது, தேதியோடு அல்ல, கிலோமீட்டரோடு. கியர்பாக்ஸ் சாஃப்ட்வேரில் புது அப்டேட் இருக்கிறது என்று போட்டு, கிளட்சை மறுபடி பழக்கம் செய்து கொடுத்தார்கள். வாரண்டியில், பைசா செலவில்லை. சொல்லப்போனால் முதல் கியரிலிருந்து இரண்டுக்கு மாறும்போது இருந்த லேசான உதறல் இப்போது இல்லை. அது உதறல் என்றே இவ்வளவு நாள் எனக்குத் தெரியாது, டிசிடி என்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

அடுத்து சர்வீஸ் ஹிஸ்டரியை பிரிண்ட் எடுத்துத் தரச் சொன்னேன். அதில் 30,000 சர்வீஸ் காணவில்லை! அது மதுரையில் மாமனார் வீட்டுக்குப் போனபோது செய்தது, அங்கேயும் கம்பெனி சென்டர்தான், மாமனார் போன் நம்பரில் புது கஸ்டமராகப் பதிவு செய்திருக்கிறார்கள், வண்டி எண்ணில் ஒரு எழுத்து தப்பு. அதனால் சிஸ்டத்தைப் பொறுத்தவரை நான் 20,000க்கு அப்புறம் 40,000க்குத்தான் வந்திருக்கிறேன். நல்லவேளை மாமனார் பில்லை எல்ஐசி ரசீதுகளோடு ஃபைல் போட்டு வைத்திருந்தார். மதுரைக்கு மெயில் அனுப்பி சரி செய்ய நாலு நாள். இந்த இழை இல்லையென்றால் இது எனக்கு கியர்பாக்ஸ் போன அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும்.

"சேராதவை" பக்கமும் படித்தேன். டச் ஸ்கிரீன் சேர்கிறது, மெக்கட்ரானிக் சேர்கிறது, கிளட்ச் தட்டு சேரவில்லை, சஸ்பென்ஷனில் புஷ், ரப்பர் சேரவில்லை, ஷாக் அப்சார்பர் கசிந்தால் மட்டும் உண்டு. தருவது கார் கம்பெனிதான், எந்த ஊரிலும் செல்லும்.

இரண்டு வருடத்துக்கும் கட்டிவிட்டேன், 38,500. பேரம் பேசினேன், விலையில் குறைக்க முடியாது சிஸ்டம் விலை என்றார்கள், அடுத்த சர்வீஸில் லேபர் இலவசம் என்று மெயிலில் எழுதி வாங்கினேன். கூடவே தள்ளிய பெயின்ட் கோட்டிங், ஏசி பேக்கேஜ் இரண்டையும் வேண்டாம் என்றேன். மனைவிக்கு இன்னும் சமாதானம் இல்லை.

கணக்குப்புலி
சரி, ஈஎம்ஐ ஓடும் ஆள், டிசிடி, சத்தி ரோடு. உங்கள் நிலையில் நானும் ஒருவேளை கட்டியிருப்பேன். ஆனால் பாருங்கள், உங்களுக்கு இதுவரை கிடைத்த லாபம் எல்லாம், சாஃப்ட்வேர் அப்டேட், சர்வீஸ் ஹிஸ்டரி திருத்தம், பழைய வாரண்டியில் காசில்லாமல் கிடைத்தது. 38,500க்கு இன்னும் ஒன்றும் வரவில்லை.

சிங்கை_ரோடு
வராமலே போகட்டும் என்று வாழ்த்துங்கள் சார், அதற்கும் கணக்கா.

முன்னாள்_அட்வைசர்
தம்பி, சர்டிஃபிகேட் பிடிஎஃப் வந்ததா? வந்தால் ஆரம்பத் தேதி, முடிவுத் தேதி, கிலோமீட்டர் வரம்பு, சேசிஸ் நம்பர் நாலையும் ஆர்சியோடு ஒத்துப் பாருங்கள். மதுரை கதை மறுபடி நடக்க வேண்டாம். பணம் கட்டிய ரசீது மட்டும் போதாது.

காந்திபுரம்_டர்போ
இப்போதுதான் பார்த்தேன். தேதி சரி, கிலோமீட்டர் சரி. சேசிஸ் நம்பரில் கடைசியிலிருந்து நாலாவது இடத்தில் ஆர்சியில் பூஜ்யம், சர்டிஃபிகேட்டில் ஆங்கில ஓ மாதிரி இருக்கிறது. எழுத்துருவால் அப்படித் தெரிகிறதா?

நெல்லை_வக்கீல்_அல்ல
காப்பி செய்து வேறெங்காவது ஒட்டிப் பாருங்கள். சேசிஸ் நம்பரின் 17 இடத்தில் எங்கேயும் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்தும் வராது, ஒன்று, பூஜ்யத்தோடு குழம்பக்கூடாது என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். ஓ இருந்தால் தப்பு, யோசிக்கவே வேண்டாம்.

காந்திபுரம்_டர்போ
ஒட்டிப் பார்த்தேன். ஓதான். கையால் தட்டியிருக்கிறார்கள் போல. அந்தப் பெண்ணுக்கு போன் செய்தால் எடுக்கவில்லை. இத்தனை நாள் அவர் கூப்பிட்டார், இனி என் முறை. மெயில் போட்டுவிட்டேன், நாளைக் காலை நேரில் போகிறேன்.